பிரிங் மீ தி ஹொரைசன்: எந்த வரிசையில், எதைக் கவனித்துக் கேட்பது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2004இல் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழுவான பிரிங் மீ தி ஹொரைசனின் முதல் ஆல்பத்தையும் 2019இல் வந்த 'அமோ'வையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு, இரண்டும் வெவ்வேறு குழுக்களின் இசை என்றே தோன்றும். ஆகவே ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். ஒவ்வொன்றிலும் கீபோர்டுக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

2006இல் வந்த 'கவுண்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்' முழுக்க டெத்கோர், அதாவது உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட கடுமையான மெட்டல் இசைவகை. பாடகர் ஒலிவர் சைக்ஸின் உறுமலில் சொற்களே பிடிபடாது. இரண்டு பாடல்கள் போதும். 2008இன் 'சூசைட் சீசன்' ஆல்பத்தை, மறு ஆண்டு வந்த அதன் ரீமிக்ஸ் பதிப்போடு சேர்த்தே கேளுங்கள். மின்னணு இசைக் கலைஞர் ஸ்கிரில்லெக்ஸும் பங்களித்த பதிப்பு அது. மின்னணு இசை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்பவர்கள் இதைக் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 2013இன் 'செம்பிடர்னல்' ஆல்பத்துக்கு. கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ஃபிஷ் 2012இல் குழுவில் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆல்பம் இது. ஹெட்ஃபோனில் முதல் பாடலைப் போடுங்கள். முதலில் காதில் விழுவது கிட்டார் அன்று. துண்டு துண்டாக வெட்டிச் சுருதி மாற்றிய ஒரு குரல். கிட்டார்கள் கனமாக வந்து சேர்ந்த பிறகும் மெட்டைச் சுமப்பது அந்தத் துண்டுக் குரல்தான். கிட்டார்கள் அதற்குத் தரைபோல அடியில் விரிகின்றன. பாடல் முடிந்ததும் மனத்தில் நிற்பதை முணுமுணுத்துப் பாருங்கள். அநேகமாக அந்தக் குரலையே முணுமுணுப்பீர்கள். குழு திசைமாறிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

2015இன் 'தட்ஸ் தி ஸ்பிரிட்' ஆல்பத்தில் கத்தல் பெரும்பாலும் விலகி, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி முன்னுக்கு வருகிறது. 'அமோ'வில் பாடகி கிரைம்ஸ் சேர்ந்து பாடும் பாடல் நடனக்கூடத்துக்கே உரியது. அதே ஆல்பத்தில், இது மெட்டலே இல்லை என்ற பழைய ரசிகரின் மனக்குறையையே பொருளாகக் கொண்ட ஒரு பாடலும் உண்டு. அதன் கடைசி நொடிகளில் பழைய உறுமல் திரும்புவதைத் தவறவிடாதீர்கள்.

2020இன் 'சர்வைவல் ஹாரர்' மீண்டும் கனத்த இசைக்குத் திரும்பினாலும், மின்னொலிகள் அதில் பின்வாங்கவில்லை. ஃபிஷ் 2023 டிசம்பரில் விலகினார். 2024இல் வந்த ஆல்பத்தைக் கேட்கும்போது, கீபோர்டு அங்கே எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.