ஒரே ரிடிம், மூன்று பாட்டு: ரெக்கே வெளியீட்டைக் காசு செலவில்லாமல் பரப்புவதும் கணக்கு வைப்பதும்

பெரம்பூரில் நண்பன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு ரிடிம் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாளமும் பேஸும்) செய்தோம். நண்பன் அதன் மேல் தமிழில் ஒரு பாட்டுப் பாடினான். கானா பாடும் அண்ணன் ஒருவர் அதே ரிடிமில் தன் வரிகளோடு இன்னொன்று பாடினார். மூன்றாவது, குரலை அங்கங்கே மட்டும் எதிரொலிக்க விட்ட டப். ஜமைக்காவில் ரெக்கே இப்படித்தான் வளர்ந்தது. 1985இல் பிரின்ஸ் ஜாமி ஒரு சின்ன காசியோ கீபோர்டின் தாளத்திலிருந்து எடுத்து வெளியிட்ட ஸ்லெங் டெங் ரிடிமை எத்தனையோ பாடகர்கள் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். ரிடிம் ஒன்று, குரல்கள் பல. எங்கள் ஆசையும் அதுதான்.

வெளியான இரண்டாவது வாரம் பார்த்தால் ஸ்ட்ரீம் எண்ணிக்கை குழம்பிக் கிடந்தது. டப்பைத் தட்டினால் நண்பன் பாடிய பாட்டு ஓடியது. எதை யார் கேட்டார்கள் என்றே தெரியவில்லை. அதைச் சரிசெய்யும்போது கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. மாஸ்டர் செய்த வேவ் ஃபைல், 3000-க்கு 3000 பிக்சல் கவர் இரண்டும் உங்களிடம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் ஒரு கூகுள் ஷீட்

எதையும் அப்லோட் செய்வதற்கு முன் ஒரு ஷீட் திறங்கள். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு வரிசை. பாட்டின் பெயர், வெர்ஷன் பெயர், பாடியவர், எழுதியவர், ரிடிம் செய்தவர், நீளம், ஐஎஸ்ஆர்சி எண், ரிடிமுக்கு யாரிடம் என்ன அனுமதி வாங்கினோம் என்று பத்திகள் போடுங்கள்.

நான் சறுக்கியது ஐஎஸ்ஆர்சியில். இது 12 இடங்கள் கொண்ட அடையாள எண். முதல் 5 இடம் அந்த எண்ணை வழங்கும் உரிமை பெற்றவரைக் குறிக்கும், அடுத்த 2 ஆண்டு, கடைசி 5 வரிசை எண். இது பாட்டுக்கான எண் இல்லை, பதிவுக்கான எண். அந்த வித்தியாசம் அன்று எனக்குப் புரியவில்லை. ரிடிமும் பெயரும் ஒன்றுதானே என்று, முதல் பாட்டுக்குக் கிடைத்த எண்ணை டப்புக்கும் காப்பி செய்து போட்டேன். கணினிக்கு அந்த எண்தான் ஆதாரம் என்பதால் இரண்டையும் ஒரே பதிவாக எடுத்துக்கொண்டது.

அதனால் குரல் பாட்டுக்கு ஒன்று, கானா வெர்ஷனுக்கு ஒன்று, டப்புக்கு ஒன்று, இன்ஸ்ட்ருமென்டல் இருந்தால் அதற்கும் ஒன்று என்று தனித்தனி எண் வேண்டும். சினிமாப் பாட்டு வெளியிடுபவருக்கு இந்தச் சிக்கல் எப்போதாவதுதான் வரும். ரெக்கேவில் வெர்ஷன் இல்லாமல் வெளியீடே இல்லை, அதனால் நமக்கு ஒவ்வொரு முறையும் வரும். யுபிசி வேறு; அது முழு வெளியீட்டுக்கும் ஒரே எண்.

எண்களை டிஸ்ட்ரிபியூட்டரே (நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்புபவர்) இலவசமாகத் தருவார். கிடைத்த அன்றே ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். நாளை வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் வாங்கினால் இதுவரை சேர்ந்த எண்ணிக்கை பழைய இடத்திலேயே நின்றுவிடலாம்.

படி 2: டிஸ்ட்ரிபியூஷன்

நான் ரூட்நோட் என்ற டிஸ்ட்ரிபியூட்டரின் இலவசத் திட்டத்தைப் பயன்படுத்துகிறேன். முன்பணம் இல்லை, வருமானத்தில் 15 சதவீதம் அவர்களுக்கு. ஆண்டுக் கட்டணம் கட்டும் சேவைகளில் முழுப் பணமும் நமக்கே வரும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வெளியீட்டில் கட்டணத்தைத் திரும்ப எடுப்பதே கடினம். இலவசத் திட்டங்களில் சரிபார்ப்புக்கு நாளாகும் என்பதால் வெளியீட்டுத் தேதியை ஐந்து வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையாக வையுங்கள். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமை வருவதுதான் வழக்கம்.

படிவத்தில் முதன்மை வகை என்ற இடத்தில் ரெக்கே என்றே தேர்ந்தெடுங்கள். டப்புக்கு டப் என்ற உட்பிரிவு இருந்தால் அது. மொழி தமிழ். தமிழ்ப் பாட்டு என்பதற்காக ‘வேர்ல்ட்’ என்ற பொதுப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ரெக்கே தேடுகிறவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். பாட்டின் பெயரை நான் ஆங்கில எழுத்தில்தான் கொடுக்கிறேன். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் ஒரு செலக்டர் (கூட்டத்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுத்துப் போடுபவர்) அதைத் தட்டச்சு செய்து தேட வேண்டுமே. தமிழ் எழுத்தில் பெயர் கவரில் இருக்கிறது.

அடுத்தது, அவசரப்பட்டு டிக் அடிக்கக் கூடாத ஒரு கட்டம்: யூடியூப் கன்டென்ட் ஐடி. நம் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகவே கண்டுபிடித்து உரிமை கோரும் வசதி அது. அந்த ஒலி உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்றால்தான் அதைப் போட வேண்டும். ஒரு தயாரிப்பாளர் பத்துப் பேருக்குக் கொடுத்த ரிடிமை நீங்களும் வாங்கியிருந்தால், மற்ற ஒன்பது பேரின் வீடியோ மீதும் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் விழும். இலவச லூப் எடுத்துப் போட்டிருந்தாலும் இதே கதை. ஒரே ரிடிமைப் பகிர்ந்து வாழும் இசை இது, சக கலைஞனின் வீடியோவை நாம் முடக்கிவிடக் கூடாது.

படி 3: ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்

கலைஞர்கள் தங்கள் ஸ்பாட்டிஃபை பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இடம் இது. வெளியாகும் முன்பே உங்கள் பக்கத்தை உரிமை கோருங்கள். அதே பெயரில் வேறு கலைஞர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரலாம். அதைத் திருத்தக் கேட்கவும் அங்கேயே வழி இருக்கிறது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்கலாம். அப்படிச் செய்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான், 500 எழுத்துக்குள். யார் பாடியது, எந்த ஊர், ரிடிமில் என்ன புதுசு என்று சுருக்கமாக எழுதினால் போதும்.

பணம் கொடுத்தால் இத்தனை ஸ்ட்ரீம் உறுதி என்று இன்ஸ்டாகிராமில் செய்தி வரும். தொடவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் பாட்டு இதனாலேயே நீக்கப்பட்டது. உழைத்துச் செய்த பாட்டு ஒரு போலிக் கணக்குக் கும்பலால் காணாமல் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

படி 4: யார் எங்கிருந்து வந்தார் என்று அறிய ஒரு பக்கம்

எல்லா லிங்கையும் ஒரே பக்கத்தில் தரும் சேவைகள் நிறைய இருக்கின்றன. எனக்குப் பிடித்தது பிளாகரில் நாமே ஒரு பக்கம் போடுவது. செட்டிங்ஸில் கூகுள் அனலிடிக்ஸ் (பக்கத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் சேவை) எண்ணைப் போட ஒரு கட்டம் உண்டு. போட்டுவிட்டால், வெளி லிங்கை யார் தட்டினாலும் அதுவே பதிவாகும். பக்கமும் கணக்கும் நம் கையிலேயே இருக்கும்.

அப்புறம் யூடிஎம். லிங்கின் வாலில் ‘இது வாட்ஸ்அப்பிலிருந்து’, ‘இது போஸ்டரிலிருந்து’ என்று நாம் ஒட்டும் சீட்டு அது. கூகுளே இதற்கு ஒரு இலவச லிங்க் பில்டர் வைத்திருக்கிறது. இரண்டு விஷயம் கவனியுங்கள். பெரிய எழுத்தில் ஒரு முறை, சின்ன எழுத்தில் ஒரு முறை எழுதினால் அனலிடிக்ஸ் இரண்டு தனி வரிசை காட்டும். எப்போதும் சின்ன ஆங்கில எழுத்தே போதும். இரண்டாவது, அந்தச் சீட்டில் தமிழ் எழுதாதீர்கள். ‘மெரினா’ என்ற ஒரு சொல் லிங்கில் சதவீதக் குறிகளோடு 54 எழுத்தாக நீண்டுவிடும். பகிரும்போது பாதியில் வெட்டுப்பட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

கியூஆர் கோடு க்ரோம் பிரவுசரிலேயே எடுக்கலாம். நான் முதலில் ஓர் இலவசத் தளத்தில் செய்தேன். சில நாளில் அந்தக் கோடு வேலை செய்யவில்லை, பணம் கேட்டது. அதற்குள் ஸ்டிக்கர் அச்சடித்தாயிற்று. க்ரோம் தரும் கோடு நேராக லிங்கையே சுமப்பதால் அது காலாவதி ஆகாது.

ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது? ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம்தான் ரெக்கேவைத் தெருவுக்குக் கொண்டுபோனது. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் சவுண்ட் சர்வீஸ் அண்ணன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாக்ஸ் அடுக்குகிறாரே, அவரேதான். வியாசர்பாடியில் ஒருவரிடம் பென்டிரைவில் டப்பைக் கொடுத்தேன். பேஸ் செக் பண்ண நல்லா இருக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் அதைப் போட ஆரம்பித்தார். ஸ்டிக்கர் அவர் பாக்ஸில்தான் இருக்கிறது, தனி யூடிஎம்மோடு.

படி 5: மியூசிக்பிரெய்ன்ஸ், டிஸ்காக்ஸ்

இரண்டும் இசை வெளியீடுகளின் விவரங்களைத் தொகுக்கும் தளங்கள். இரண்டும் இலவசம், இரண்டிலும் நாமே விவரம் ஏற்றலாம். ரெக்கே சேகரிப்பவர்கள் டிஸ்காக்ஸில்தான் தேடுவார்கள். ரூட்ஸ் ரெக்கே, டப், லவர்ஸ் ராக் என்று பிரித்துக் காட்டும் இடம் அது. மியூசிக்பிரெய்ன்ஸில் கலைஞர் பெயரைத் தமிழ் எழுத்திலும் மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம். பேஸ் வாசித்தவர், மிக்ஸ் செய்தவர் எல்லார் பெயரையும் போடுங்கள். எழுபதுகளின் எத்தனையோ ஜமைக்கா ரெக்கார்டுகளில் வாசித்தவர் பெயரே இல்லை. நம் பசங்களுக்கு அது நடக்கக் கூடாது.

படி 6: செலக்டர்களுக்கு மெயில்

சென்னையில் இரவு 8 மணி என்றால் கிங்ஸ்டனில் அதே நாள் காலை 9.30. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 2.30, கோடையில் 3.30. ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. இரவு 8-க்கு வைத்தால் இரண்டு ஊருக்கும் பொருந்தும். வேவ் ஃபைலை இணைக்காதீர்கள். கேட்க ஒரு லிங்க், டவுன்லோடு செய்ய ஒரு லிங்க், நான்கு வரி. டப்பையும் சேர்த்து அனுப்புங்கள். செலக்டருக்கு அதுதான் அதிகம் பயன்படும். கலைஞர் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு ஒரு கூகுள் அலர்ட் வைத்தால், யாராவது எழுதும்போது தெரிய வாய்ப்புண்டு.

எந்த எண்ணைப் பார்ப்பது

ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், ஒரு டிராக் 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொட்டால்தான் ராயல்டி. நம் மூன்று வெர்ஷனும் தனித்தனியே அதைத் தொட வேண்டும். நான் அதைவிட அதிகம் மதிப்பது இரண்டு எண்கள்: எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எந்த ஊரில் ஷசாம் (ஒலிக்கும் பாட்டு எது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஆப்) செய்தார்கள். ஷசாம் கணக்கு ஆப்பிள் மியூசிக் ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் ஊர்வாரியாகக் கிடைக்கும். ஒருவர் ஷசாம் செய்கிறார் என்றால், எங்கோ நம் பாட்டு ஒலித்து, அது என்ன என்று அவர் தானாகவே தேடியிருக்கிறார்.

பின்சேர்க்கை

ரசிகர்கள் நேராகக் கலைஞரிடமே பாட்டு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் எங்கள் பாட்டு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அடையாறிலிருந்து ஒருவர் எழுதினார்: பேண்ட்கேம்ப்பில் வாங்க முயன்றேன், பணம் போகவில்லை. காரணம் இதுதான். பேண்ட்கேம்ப் நமக்குப் பணம் தருவது பேபால் வழியாக. 2021 ஏப்ரலிலிருந்து பேபால் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வரும். சென்னை ரசிகர் சென்னைக் கலைஞருக்குக் கொடுப்பதுதான் நடக்காது.

நான் இப்போது செய்வது: உள்ளூர்க்காரர்கள் யுபிஐயில் அனுப்பட்டும். பேண்ட்கேம்ப்பில் இலவச டவுன்லோடு கோடுகளை உருவாக்கி, ஆளுக்கு ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஷீட்டில் இன்னொரு பத்தி சேர்த்து எந்தக் கோடு யாருக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கோடை இரண்டு பேருக்கு அனுப்பினால் இரண்டாமவருக்குத் திறக்காது.