அயர்லாந்து முன்னோரோட ஊர் தெரியலையா? ஞானப்பெற்றோரைத் தேடுங்க

அயர்லாந்துல இருந்து அமெரிக்கா போன முன்னோரோட சொந்த ஊர் சிக்கலைன்னா அவரைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, அவர் பிள்ளைங்களோட ஞானஸ்நானப் பதிவுல ஞானத்தாய் ஞானத்தகப்பனா யார் பேர் இருக்குன்னு பாத்து அவங்களைத் தேடுங்க. கத்தோலிக்கக் குடும்பங்கள்ல அப்படி நிக்கிறவங்க பெரும்பாலும் கூடப்பிறந்தவங்களோ ஒரே ஊர்க்காரங்களோதான், அதனால உங்காளு பதிவுல வெறும் அயர்லாந்துன்னு இருந்தாலும் அவங்கள்ல ஒருத்தரோட கல்லறைக் கல்லுலயோ மரண அறிவிப்புலயோ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), பங்கு (ஒரு சர்ச்சுக்குக் கீழ வர்ற பகுதி, பாரிஷ்) பேர் வரைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. பங்குப் பேர் கிடைச்சா போதும், டப்ளின்ல இருக்கிற தேசிய நூலகம் கிட்டத்தட்ட 1880 வரைக்குமான கத்தோலிக்கப் பதிவேடுகளை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல ஃப்ரீயாவே வச்சிருக்கு, காசு கேக்குற சைட்டுக்கு அவசரப்பட்டு ஓடவேணாம் (பங்கு தெரியாம ஜான் மர்ஃபின்னு தேடினா ஊர்ப்பட்ட ஜான் மர்ஃபி வருவாங்க).

சர்ச் ஆஃப் அயர்லாந்து (கத்தோலிக்கம் இல்லாத ஆங்கிலிக்கன் சபை) குடும்பம்னா இது பாதியில நின்னுடலாம், அவங்க பதிவேடுகள் நிறைய 1922ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்துல இருந்த ஆவணக் காப்பகத் தீயில போயிடுச்சு. அயர்லாந்து மேற்குப் பக்கம் பல கத்தோலிக்கப் பங்குகள்ல 1820க்கு முன்னாடி பதிவேடே கிடையாது, அங்க ஊர் தெரிஞ்சும் பிரயோஜனம் கம்மி.