புதிதாகக் கட்டிய இன்ஜினில் கேம் ஷாஃப்ட் தேய்வது ஏன்? தட்டை டாப்பெட் இன்ஜின்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் இன்ஜினை முழுவதும் பிரித்து, சிலிண்டரை போர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டுக் கட்டியவர்கள், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலோ சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குள்ளோ இழந்து நிற்கும் பாகம் பெரும்பாலும் கேம் ஷாஃப்ட்தான். வால்வைத் திறக்க வேண்டிய கேம் மேடுகளில் ஒன்றிரண்டு மழுங்கி, ஏறக்குறைய வட்டமாகவே ஆகிவிடும். அப்படி ஆனதும் உடனே வரும் தீர்ப்புகள் இரண்டு: கேம் தரமற்றது என்பது ஒன்று, தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் இக்காலத்து ஆயிலில் இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் சில சமயம் உண்மையே. ஆனாலும் என் கணிப்பில், பெரும்பாலான கேம்கள், மேட்டின் மீது அமர்ந்து அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் டாப்பெட் சுழலாமல் நின்றதால்தான் அழிகின்றன. டாப்பெட் சுழல்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்யும் காரணங்கள் அனேகமாக எல்லாமே இன்ஜினைக் கட்டுகிறவரின் கைக்குள் இருக்கின்றன.

தட்டை டாப்பெட் என்று பெயர் இருந்தாலும் அதன் அடிமுகம் முற்றிலும் தட்டையானது அல்ல. நடுவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்கு மிக மெல்லிய புடைப்பு உண்டு. அதேபோல் கேம் மேட்டின் மேற்பரப்பும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் கண்ணுக்குத் தெரியாத சரிவோடு கடையப்பட்டிருக்கும். டாப்பெட் அமரும் துளையின் மையமும் மேட்டின் மையமும் ஒரே கோட்டில் வராமல் சற்று விலகி இருக்கும். இந்த மூன்றும் சேர்வதால் கேம் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் டாப்பெட் சிறிது சுழல்கிறது. தேய்மானம் முகம் முழுவதும் பரவி, தொடும் இடத்துக்குப் புதிய எண்ணெயும் வந்துகொண்டே இருக்கிறது. சுழற்சி நின்றுவிட்டால், கத்தியைச் சாணை பிடிப்பது போல, ஒரே இடத்தில் இரும்பின் மீது இரும்பு உராய்ந்து இரண்டும் கரையத் தொடங்கும். செவர்லேயின் சிறிய வி8 இன்ஜினில் டாப்பெட்டின் விட்டம் 0.842 அங்குலந்தான், வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்த முகத்தில் ஒரு மெல்லிய கோட்டின் மீது விழுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஏன் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது என்பது விளங்கும்.

1955-இல் வெளிவந்த அந்தச் செவர்லே இன்ஜினையே இங்கே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மிக அதிகமாகப் பிரித்துக் கட்டப்படும் இன்ஜின்களில் அதுவும் ஒன்று. 1980-களில் உருளை டாப்பெட் வரும் வரை அதில் இருந்தவை தட்டை டாப்பெட்டுகளே. நம் பக்கத்தில் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினும், இலங்கையில் இன்னும் ஓடும் மோரிஸ் மைனரின் இன்ஜினும் இதே வகை டாப்பெட் கொண்டவை என்பதால், சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

பழைய டாப்பெட், புதிய கேம்

செலவை மிச்சம் பிடிக்கப் பழைய டாப்பெட்டுகளைக் கழுவிப் புதிய கேமின் மீது போடுவது எல்லாத் தவறுகளிலும் முதன்மையானது. ஓடிய டாப்பெட்டின் முகத்தில் புடைப்பு தேய்ந்திருக்கும், பல சமயம் குழிந்தும் இருக்கும். அது தான் பழகிய மேட்டோடு மட்டுமே ஒத்துப்போகும். பழைய கேமையே திரும்பப் போடுவதானால்கூட, ஒவ்வொரு டாப்பெட்டும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும். பிரிக்கும்போது பதினாறையும் ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டால் அவற்றால் பயனில்லை.

புதிதாக வாங்கியவற்றையும் நம்பிவிடக் கூடாது. இரண்டு டாப்பெட்டுகளின் முகங்களை ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் தொட்டு ஓரங்களில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிய வேண்டும். லேசாக அசைத்தால் ஒன்றின் மீது ஒன்று ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டி உட்காரும் டாப்பெட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

புதிய கேம் கிடைக்காத பழைய கார்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தேய்ந்த மேட்டை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து வாங்குவதும், டாப்பெட்டின் முகத்தை கிரைண்டிங் செய்து வாங்குவதும் பட்டறைகளில் வழக்கம். அந்த வேலை கேவலமானதல்ல. நன்றாகச் செய்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் டாப்பெட்டைக் காந்தத் தட்டில் வைத்துக் கண்ணாடி போல மட்டமாகத் தேய்த்துக் கொடுப்பவர், பார்வைக்கு மிக அழகான வேலையைச் செய்த அதே நொடியில் அதைச் சுழற்ற வேண்டிய புடைப்பை அழித்துவிடுகிறார். மேட்டிலும் சரிவு இல்லாமல் நேராகக் கடைந்துவிட்டால் டாப்பெட் சுழல்வதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. கடினமாக்கப்பட்ட மேல் அடுக்கைத் தாண்டி ஆழமாகக் கடைந்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு எந்த ஆயிலுக்கும் நிற்காது. வேலையைக் கொடுக்கும்போதே புடைப்பு, சரிவு, கடினம் ஆகிய மூன்றையும் கேட்டுவிட வேண்டும். கேள்வி புரியாதவரிடம் கேமைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

துளையும் ஸ்பிரிங்கும்

டாப்பெட் துளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் படிந்த பிசினும், பழைய டாப்பெட்டைத் தட்டி எடுத்தபோது எழுந்த பிசிறும் அங்கே இருக்கும். எண்ணெய் தடவிய டாப்பெட் தன் எடையாலேயே இறங்க வேண்டும், விரலால் தள்ளினால் தடையின்றிச் சுழல வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டைப் பூட்டுவதற்கு முன், டாப்பெட்டின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பியான புஷ் ராட் இல்லாமல் டாப்பெட்டுகளை மட்டும் இறக்கி, அவற்றின் தலையில் மார்க்கரால் ஒரு கோடிட்டு, கேமைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கோடு நகராத டாப்பெட் எது என்று தெரிந்துவிட்டால், பின்னால் வரப்போகும் அழிவு எந்தத் துளையில் என்பதும் தெரிந்துவிடும்.

வால்வு ஸ்பிரிங்கைப் பற்றி நம்மிடையே ஓர் ஆசை உண்டு: கெட்டியானது நல்லது என்று. 350 கன அங்குலச் செவர்லேயின் தொழிற்சாலை ஸ்பிரிங், வால்வு மூடியிருக்கும்போது சுமார் 80 பவுண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது சுமார் 200 பவுண்டும் அழுத்தும். அதற்குப் பதிலாக 300 பவுண்டுக்கு மேல் அழுத்தும், ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் இரட்டை ஸ்பிரிங்கை மாட்டி, புதிய கேமை அதன் கீழ் முதல் ஓட்டம் ஓடவிட்டால், இன்னும் ஒன்றோடொன்று பழகாத இரு பரப்புகளின் மீது தேவைக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுகிறோம். இரட்டை ஸ்பிரிங் தேவைப்படும் கேமானால், முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பழகிய பிறகு திரும்பப் போட வேண்டும். அலுப்பான வேலைதான், பலர் தவிர்ப்பதும் அதனால்தான். புஷ் ராட்டின் அசைவைப் பெருக்கி வால்வை அழுத்தும் நெம்பான ராக்கரில், 1.5 விகித ராக்கரை எடுத்துவிட்டு 1.6 விகித ராக்கரைப் போடுவதும் கேமின் மீதான சுமையைக் கூட்டும் என்பதை மறக்கிறார்கள். கேம் தூக்கும் உயரம் அதிகமாகி, வால்வு முழுதாகத் திறக்கும் முன்பே ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால், விளைவை விளக்க வேண்டியதில்லை. முழுத் திறப்பிலும் சுருள்களுக்கிடையே மொத்தமாகச் சுமார் 0.060 அங்குல இடைவெளி மிஞ்ச வேண்டும்.

பசையைத் துடைத்துவிடும் கைகள்

மாலிப்டினம் கலந்த கேம் பசையை மேடுகளிலும் டாப்பெட்டின் அடிமுகத்திலும் மட்டும் தடவ வேண்டும். டாப்பெட்டின் பக்கங்களுக்குச் சாதாரண இன்ஜின் ஆயில் போதும். அங்கே கெட்டிப் பசையைப் பூசினால் அதுவே சுழற்சிக்குத் தடையாகலாம். இதைச் சரியாகச் செய்பவர்களும் வேறோரிடத்தில் தவறுகிறார்கள். பசையைத் தடவிவிட்டு, பிறகு டைமிங் பார்க்க, டாப்பெட் செட் செய்ய, நண்பருக்குக் காட்ட என்று கிராங்க்கைப் பல முறை சுற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் பசையை வழித்து எடுக்கிறது. கேமின் டைமிங்கை டிகிரிக் கணக்கில் அளந்து பார்க்கும் வேலையை மெல்லிய ஸ்பிரிங்குகளோடு முன்பே முடித்துக்கொண்டு, பசையைக் கடைசியில்தான் தடவ வேண்டும். கட்டிய இன்ஜின் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் பசை வழிந்து இறங்கியிருக்கும்; திறந்து பார்த்துத் திரும்பத் தடவுவதே பாதுகாப்பு.

ஆயில் அழுத்தத்தை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வரவழைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். செவர்லேயில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அந்த வழியாக ஒரு தண்டை இறக்கி, மின் டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும் வரை பார்க்கலாம். அம்பாசடர் வகை இன்ஜினில் பம்பை நேரடியாகச் சுற்றுவது கேம் ஷாஃப்ட்தான் என்பதால் இந்த உபாயம் அங்கே செல்லாது. அதற்காக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரை நிமிடக்கணக்கில் சுற்றுவது பேரிங்கைக் காப்பாற்றிக் கேமைப் பலி கொடுப்பதாகும். பம்பைக் கட்டும்போதே எண்ணெயால் நிரப்பிக் கட்டுவதும், ஆயில் பிரஷர் மீட்டர் குழாய் வரும் துளை வழியாக அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்துவதும் அங்கே ஏற்ற வழிகள்.

முதல் அரை மணி நேரம்

இந்த இன்ஜின்களில் கேம் மேடுகளுக்கென்று தனி எண்ணெய்க் குழாய் கிடையாது. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் விசிறி அடிக்கும் எண்ணெயும் மேலிருந்து வழியும் எண்ணெயுமே அவற்றை நனைக்கின்றன. ஐட்லிங்கில் அந்த விசிறல் மிகக் குறைவு. ஆகவே, புதிய இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும் என்ற, கேட்பதற்கு மிக நியாயமான அறிவுரை தட்டை டாப்பெட் இன்ஜினுக்கு நேர் எதிரி. ஸ்டார்ட் ஆனவுடனேயே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றியும் இறக்கியும் 20 முதல் 30 நிமிடம் ஓடவிட வேண்டும். அதுவரை ஐட்லிங்குக்கு இறங்கக் கூடாது.

அதற்கு இன்ஜின் முதல் சில சுற்றுகளிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் காலியாக இருந்து பெட்ரோல் வந்து சேரும் வரை செல்ஃப் அடிப்பது, டிஸ்ட்ரிபியூட்டரை 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டு ஏன் பற்றவில்லை என்று அடித்துக்கொண்டே இருப்பது, எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டை அளவுக்கு மேல் முறுக்கி வால்வு மூடாமல் கம்ப்ரஷன் இல்லாது தவிப்பது, இவை ஒவ்வொன்றும் கேமை வறட்டு உராய்வில் ஓட்டுவதற்குச் சமம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோலை முன்கூட்டியே ஊற்றி, இக்னிஷன் டைமிங்கை நிறுத்திய நிலையிலேயே சரியாக வைத்து, ரேடியேட்டரை நிரப்பி, எதிரே ஒரு பெரிய மின்விசிறியையும் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இடையில் தண்ணீரோ எண்ணெயோ ஒழுகினால், ஐட்லிங்கில் வைத்துத் தேடாமல் நிறுத்திவிட வேண்டும். சரி செய்துவிட்டு மிச்ச நிமிடங்களைத் தொடரலாம். வால்வு கவரைத் திறந்துவைத்து ஓட்டினால் எண்ணெய் தெறிக்கும் என்றாலும், புஷ் ராட்டுகள் சுழல்வதைக் கண்ணால் காணலாம். சுழலாமல் ஒன்று நின்றால் உடனே நிறுத்துவதுதான் வேலை.

ஆயிலில் ஜிங்க் பற்றிய பாதி உண்மை

ஜிங்க் என்று மெக்கானிக்குகள் சொல்வது துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஒரு சேர்மத்தை. உராயும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்பின் மீது ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் ஆயில் தரத்தில் உச்ச வரம்பு 0.08 சதவீதமாயிற்று. ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளுக்கே உரியது. நம் பழைய கார்களில் ஊற்றும் 20டபிள்யூ-50-க்கு அது கட்டாயமில்லை. ஆகவே, கேனின் மேல் எழுதியிருக்கும் தரத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல், தயாரிப்பாளர் வெளியிடும் தகவல் தாளில் பாஸ்பரஸ் அளவைப் பார்ப்பது நல்லது. முதல் ஓட்டத்துக்கென்றே விற்கும் ஆயில் கிடைத்தால் அதை ஊற்றலாம். ஏற்கெனவே ஜிங்க் நிறைந்த ஆயிலில் மேலும் மேலும் சேர்ப்பான்களைக் கலப்பது பாதுகாப்பைக் கூட்டாது. அளவு மிகுந்தால் அது இரும்பையே அரிக்கக்கூடும். புடைப்பு இல்லாத டாப்பெட்டை எந்த ஜிங்க்கும் சுழற்றிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அழிவு தொடங்கினால்

முதல் அறிகுறி சத்தம் அல்ல. ஒரே சிலிண்டரின் டாப்பெட் இடைவெளி, செட் செய்த பிறகும் மறுபடி மறுபடி விரிந்துகொண்டே போவதுதான் அது. அடுத்து டாப்பெட் அடிக்கும் ஓசை வரும். எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்திருந்தால், வெளியேற வழியில்லாத புகை இன்டேக் வழியே திரும்பிக் கார்புரேட்டரில் வெடிக்கும். இதைப் பலர் டைமிங் கோளாறு என்று எண்ணி வாரக்கணக்கில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். புஷ் ராட் முனையில் டயல் கேஜை வைத்து ஒவ்வொரு மேடும் தூக்கும் உயரத்தை அளந்தால் சந்தேகம் தீரும். சாதாரண 350 செவர்லே கேமில் இன்டேக் மேடு சுமார் 0.260 அங்குலமும் எக்ஸாஸ்ட் மேடு சுமார் 0.273 அங்குலமும் தூக்கும். அதே வகை மேடுகளில் ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்து காட்டினால் தேடியது கிடைத்துவிட்டது.

அதன் பிறகு நடக்கும் தவறுதான் அதிகச் செலவு வைக்கிறது. தேய்ந்த இரும்பெல்லாம் பொடியாகி எண்ணெயோடு சுற்றியிருக்கும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் ஃபில்டர் அடைக்கும்போதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயே பேரிங்குக்குப் போகும். ஃபில்டரை வெட்டி, உள்ளிருக்கும் காகித மடிப்பை விரித்து, காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எவ்வளவு இரும்பு வெளியேறியிருக்கிறது என்று தெரியும். இன்ஜினைக் காரிலேயே வைத்துக்கொண்டு புதிய கேமையும் டாப்பெட்டையும் மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்பவர்கள், மெயின் பேரிங்கும் ஆயில் பம்பும் பிஸ்டன் பக்கங்களும் ஏற்கெனவே கீறல் விழுந்த நிலையில்தான் இரண்டாவது கேமை ஓட்டுகிறார்கள். முழுவதும் பிரித்து, எண்ணெய் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். தேய்ந்த மேட்டின் மேல் இருந்த துளையையும் அந்த வால்வின் ஸ்பிரிங்கையும் அளந்து, முதல் கேம் ஏன் போயிற்று என்று கண்டுபிடிக்கும் வரை இரண்டாவது கேமுக்கு ஆர்டர் கொடுக்க அவசரம் வேண்டாம்.