டிசம்பர்ல என் கெக்கோ வாந்தி எடுத்த கதை

காட்பாடில பனி இறங்கினதும் என் பொட்டை லெப்பர்ட் கெக்கோ (வீட்ல வளக்குற பல்லி) தின்ன மீல்வார்ம் புழுவை ரெண்டு நாள் கழிச்சு அப்படியே முழுசா கக்குச்சு, எடை 56 கிராம்ல இருந்து 51, வால் வேற மெலிஞ்சுது.

புழுவை நிறுத்தி கிரிக்கெட் பூச்சி போட்டேன், கேக்கல. டாக்டர் மலத்தை டெஸ்ட் பண்ணி புழுப்பூச்சி எதுவும் இல்லன்னுட்டாரு. பெரிய ஹீட் மேட்டும் (டேங்குக்கு அடியில ஒட்டுற சூடு விரிப்பு) வாங்கிப் பாத்தேன், அதே கதைதான். டேங்க் கண்ணாடில ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் டயல் 28 டிகிரின்னே காட்டிட்டு இருந்துச்சு, அதை நம்புனதுதான் தப்பு.

கடைசில சூடு பாக்குற இன்ஃப்ராரெட் கன்னை நேரா உள்ள டைல்ஸ்ல அடிச்சா 23! டேங்க் இருந்தது கடப்பா கல் ஷெல்ஃப், அடியில ஒட்டின மேட்டோட சூட்டை மொத்தமா கல்லு உறிஞ்சிருக்கு, கையை வெச்சா கல்லு வெதுவெதுன்னு இருந்துச்சு. உள்ள சூடு பத்தாமதான் தின்னது செரிக்கல.

நாலு மூலைலயும் அரை இஞ்சு ரீப்பர் கட்டை குடுத்து தூக்கினேன், சூட்டை கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டோட சென்சாரை உள்ள தரையிலயே வெச்சேன். மறுநாளே 32. அஞ்சாம் நாள் ஒழுங்கா மலம் போச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.

ஜோடி சேக்க கூலிங் (முன்னாடி கொஞ்ச நாள் சூட்டைக் குறைச்சு வெக்கிறது) பண்றவங்க இதை கவனிங்க: எடை நல்லா இருந்தா மட்டும் பண்ணுங்க, முதல்ல ரெண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் நிறுத்துங்க, சூடு அப்படியே இருக்கட்டும், வயிறு காலியான அப்புறம்தான் சூட்டை கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். என்னோடத இந்த வருஷம் கூலிங் பண்ணல, எடை ஏறட்டும்.