வியட்நாம் படிவயல்களுக்குப் படம் எடுக்கப் போகும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமின் வடமேற்கு மலையில், மூ காங் சாய் படிவயல்களில் ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல். இரண்டாம் போகத்துக்கு மலைக்குளிர் விடாது, தண்ணீரும் மழையை நம்பித்தான் வருகிறது. அதனால் நடவு, பச்சை, கதிர், அறுப்பு எல்லாம் வருடத்தில் ஒரே ஒரு முறை, சில வாரங்களில் வந்துபோகும். அங்கே போகும் சிறு புகைப்படக் குழுக்கள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வேளாண் நாள்காட்டியைப் படிக்காததில் இருந்தே தொடங்குகின்றன.

வயலில் தண்ணீர் கட்டி நடவு நடப்பது மே கடைசியிலும் ஜூனிலும். ஜூலை, ஆகஸ்ட் பச்சை. செப்டம்பர் நடுவில் இருந்து அக்டோபர் தொடக்கம் வரை பொன்னிறம். "செப்டம்பரில் போனால் போதும்" என்று விமானச்சீட்டு வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. செப்டம்பர் முதல் வாரத்தில் பல சரிவுகளில் கதிர் இன்னும் பச்சை கலந்தே நிற்கும். போதாக்குறைக்கு செப்டம்பர் 2 வியட்நாமின் தேசிய நாள் என்பதால், விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் போனால் பல இடங்களில் அறுத்த தாள்தான் மிஞ்சியிருக்கும்.

உயரமும் கணக்கில் வரும். கீழே இருக்கும் தூ லே பள்ளத்தாக்கு முதலில் விளையும், கவ் ஃபா கணவாயைத் தாண்டி மேலே இருக்கும் லா பான் தான், செ கூ ஞா சரிவுகள் பிறகு விளையும். ஒரே குன்றில்கூட ஒரு வீட்டார் அறுத்துக்கொண்டிருக்க, பக்கத்து வயல் காத்துநிற்கும். பயணத் தேதியை மாற்ற முடியாது என்றால், தங்கும் இடங்களின் வரிசையையாவது மாற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, தங்கப்போகும் வீட்டாரிடம் அன்றைக்கு எடுத்த வயல் படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். போன ஆண்டுப் படங்களை நம்பித் தேதி குறிக்காதீர்கள். நடவுக் காலத்துக்குப் போகிறவர்களுக்கு அவகாசம் இன்னும் குறுகியது. நாற்று நட்ட இரண்டு மூன்று வாரங்களில் பயிர் தூர்கட்டி, கண்ணாடி போல் மின்னும் தண்ணீர் மறைந்துவிடும்.

அடுத்தது பயணத் திட்டம். ஹனோயில் இருந்து மூ காங் சாய் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வரைபடத்தில் ஐந்து மணி நேரம் போலத் தெரியும். தேசிய நெடுஞ்சாலை 32-இன் வளைவுகளும் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கவ் ஃபா கணவாயின் பனிமூட்டமும் அதை ஏழு எட்டு மணி நேரமாக்கிவிடும். ஐந்து நாளில் சா பா, மூ காங் சாய், ஹ்வாங் சு ஃபி என்ற மூன்று படிவயல் பகுதிகளையும் அடுக்கும் குழு பகல் வெளிச்சத்தின் பெரும்பகுதியை வண்டிக்குள்ளேயே கழித்துவிடும். ஒரே பள்ளத்தாக்கில் மூன்று இரவாவது தங்குங்கள். ஒரு சரிவைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால்தான் அது எந்த நேரத்துக்கு உரிய சரிவு என்று புரியும், நடுவில் ஒரு நாள் மழையில் போனாலும் ஈடுகட்டலாம். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வெள்ளி காலை கிளம்புவது நல்லது. வார இறுதியில் ஹனோயில் இருந்து வரும் கூட்டத்தில் லா பான் தானின் மாம் சோய் குன்றில் முக்காலி வைக்கக்கூட இடம் கிடைக்காது.

மழைக்கு ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். 2024 செப்டம்பரில் யாகி புயல் வடக்கு வியட்நாமின் மலை மாகாணங்களில் நிலச்சரிவுகளையும் பெருவெள்ளத்தையும் கொண்டுவந்தது. பொன்னிற வயலும் புயல் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் மாதம் இது. ஊர்க்காரர் "இன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம்" என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று: 2025 ஜூலையில் யென் பாய் மாகாணம் லாவோ காயுடன் இணைக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளிலும் சில வரைபடங்களிலும் மூ காங் சாய் இன்னும் யென் பாயில்தான் இருக்கும், முன்பதிவில் குழம்ப வேண்டாம்.

குழுவில் ஆறு பேர் சரியான அளவு, எட்டுக்கு மேல் போனால் எல்லாம் கெடும். வரப்பில் ஒற்றை வரிசையில்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவர் நின்று படம் எடுத்தால் பின்னால் எல்லாரும் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து சேரும்போது வெளிச்சம் போயிருக்கும். ஒரு வீட்டுக்குள் பத்துப் பேர் கேமராவோடு நுழைந்தால் அந்த வீட்டில் இயல்பாக எதுவும் நடக்காது. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, சந்திக்கும் இடமும் நேரமும் குறித்துக்கொள்வது மேல். ஆறு பேருக்குப் பதினாறு இருக்கை வேன் எடுங்கள். பைகளோடு கணக்குப் பார்த்தால் அது ஆடம்பரம் இல்லை. வேன் நிற்கும் இடத்துக்கு மேல், செங்குத்தான ஒற்றையடி சிமென்ட் பாதையில் உள்ளூர் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் ஏற்றிவிடுவார்கள். முக்காலியைக் குறுக்கே பிடிக்காமல் நெடுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள்.

வரப்பை நடைபாதையாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. அங்கே வரப்பு என்பது மேல் வயலின் தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண்சுவர். நடவுக் காலத்தில் அது ஊறிப்போய் இளகியிருக்கும். விளிம்பில் ஒரு கால் அழுத்தினால் பிளந்து, மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலில் கொட்டி, நட்ட நாற்றையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதை அடைக்க ஒரு குடும்பத்துக்கு அரை நாள் வேலை. ஊர்க்காரர் நடந்து தேய்ந்த வரப்பில் மட்டும், அதுவும் நடுவில் கால் வைத்து நடங்கள். முக்காலியின் கூர்முனையை வரப்பில் குத்தவே கூடாது, ரப்பர் முனையை மாட்டிக்கொள்ளுங்கள். அறுப்பு நேரத்தில் சாய்ந்த கதிருக்குள் இறங்கி நின்று "முன்புலம்" தேடுவதும் இதே கணக்குதான். மிதித்த நெல் உதிர்ந்துவிடும், அது ஒரு வீட்டின் ஆண்டுச் சோறு.

வெளிச்சத்துக்கு வருவோம். செப்டம்பர் இறுதியில் சூரியன் காலை 5.50 அளவில் உதிக்கிறது. ஆனால் கிழக்கே மலை நிற்கும் பள்ளத்தாக்கில் வெயில் தரையைத் தொட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நான்கரைக்கே எல்லாரையும் எழுப்பி இருட்டில் உட்கார வைக்கும் முன், முதல் நாளே திசைகாட்டியோடு போய் எந்தச் சரிவு கிழக்கு பார்க்கிறது, எது மேற்கு பார்க்கிறது என்று குறித்துவிடுங்கள். மாலையிலும் அப்படித்தான், மேற்கு மலை வெயிலை முன்கூட்டியே விழுங்கிவிடும்.

தண்ணீர் கட்டிய வயலுக்கு போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டி) மாட்டி முழுதாகத் திருப்புகிறவர்கள், தேடி வந்த காட்சியைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் படமே தண்ணீரில் தெரியும் வானம்தான், போலரைசர் அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிடும். கழற்றி வைத்துவிட்டு, மேட்டில் நின்று சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து எடுங்கள். தண்ணீரில் விழும் வானம் வெளுத்துப்போகாதபடி வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பில் எடுத்தால் வரப்பின் இருட்டைப் பிறகு மீட்கலாம். பச்சைக் காலத்தில்தான் போலரைசர் உதவும், ஈர இலையின் பளபளப்பை நீக்கிப் பச்சையை ஆழமாக்கும். பொன்னிறக் காலத்தில் எதிர்வெயிலோ பக்கவெயிலோ வேண்டும். முதுகுப்பக்கம் வெயில் வைத்து எடுத்தால் அடுக்குகள் எல்லாம் ஒட்டித் தட்டையாகிவிடும்.

லென்ஸ் விஷயத்தில் பலரும் அகலக்கோண லென்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதில் மலை சிறுத்து, வரப்புக்கோடுகள் நூலாகிவிடும். எதிர்ச்சரிவின் வளைவுகளை நெருக்கி அடுக்கிக் காட்டுவது 70–200 மி.மீ. லென்ஸ்தான். ஒன்றை மட்டும் எடுத்துப்போக முடியும் என்றால் அதையே எடுங்கள். லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8, எஃப் 11 அளவில் வையுங்கள், எஃப் 16-க்கு மேல் போனால் கூர்மை குறையும். இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: காற்றில் கதிர் ஆடும். முக்காலியில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுத்த விடியல் படத்தில் மலை கூர்மையாகவும் நெல் மங்கலாகவும் இருக்கும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) 800, 1600 வரை தயங்காமல் ஏற்றி, 1/250 நொடியாவது வையுங்கள். மரத்தொட்டியில் கதிர் அடிக்கும்போது தெறிக்கும் மணி உறைந்து நிற்க வேண்டுமானால் 1/1000.

விடிகாலைக் குளிரில் இருந்து அடுப்பு எரியும் அறைக்குள் நேராக நுழைந்தால் லென்ஸில் ஆவி படியும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு, பிறகு எடுங்கள். ஆவி படிந்துவிட்டால் லென்ஸைக் கழற்ற வேண்டாம், ஈரம் சென்சாருக்குப் போகும். பலகை வீடுகளுக்குள் இருட்டு அதிகம். ஃபிளாஷைத் தொடாமல் கதவோரம் விழும் வெளிச்சத்தில் 35 மி.மீ., எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200 என்று எடுத்தாலே முகங்கள் அழகாக வரும்.

சில சின்ன விஷயங்கள். தங்கும் வீட்டுப் பொது அறையில் இரண்டு மூன்று சாக்கெட்டுகள்தான் இருக்கும், மூன்று முனைப் பிளக்குகள் பெரும்பாலும் நுழையாது. குழுவுக்கு ஒரு அடாப்டரும் ஒரு நீட்டிப்புப் பெட்டியும் கட்டாயம். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீலம்தான், மங்கிய வெளிச்சத்தில் சுழியங்களை எண்ணிக் கொடுங்கள். ட்ரோனுக்குப் பெரும்பாலும் அதிகாரிகளின் முன் அனுமதி தேவை, கையில் அனுமதி இல்லை என்றால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மனிதர்களிடம் நடக்கும் தவறுகள் கண்ணுக்கு எளிதில் படாது, அதனால்தான் தொடர்கின்றன. ஹனோயில் இருந்து வரும் வழிகாட்டிக்கு வியட்நாமிய மொழி தெரியும். ஆனால் இந்தச் சரிவுகளில் வாழ்பவர்கள் ஹ்மாங் மக்கள், வயதானவர்கள் பலருக்கு வியட்நாமிய மொழி சரளமாக வராது. அனுமதி கேட்டதாக நீங்கள் நினைப்பீர்கள், என்ன கேட்டீர்கள் என்றே பாட்டிக்குப் புரிந்திருக்காது. அதே ஊரைச் சேர்ந்த ஹ்மாங் ஒருவரை நாள் கூலிக்கு உடன் அழைத்துக்கொள்ளுங்கள், செலவு நியாயமானது, பலன் பெரிது. வாசலில் பச்சைத் தழை தொங்கினால் வீட்டில் பூசையோ பிறப்போ நடந்திருக்கலாம், வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது பொருள். உள்ளே அழைக்கப்பட்டாலும், சுவரில் இறகு ஒட்டிய காகிதம் வீட்டுத் தெய்வத்தின் இடம். கேட்காமல் அதைத் தொடவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

குழந்தைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். அடுத்த குழு வரும் நேரத்தில் அந்தப் பிள்ளை பள்ளியில் இருக்காது, சாலையோரத்தில் நிற்கும். உதவ விரும்பினால் பெரியவர்களிடம் அவுரிச் சாயத் துணியோ நெல்லோ வாங்குங்கள். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். அங்கே எல்லாரும் பயன்படுத்தும் ஸாலோ செயலியில் தங்கும் வீட்டாரின் எண்ணை வாங்கிக்கொண்டால், ஊர் திரும்பிய வாரத்திலேயே அனுப்பலாம். அச்சிட்டு அனுப்புவதானால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் சிற்றூரின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுதுங்கள், உரியவர் வீட்டைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு அது போதும்.