‘நார் அஞ்சுல ஓடுது’ என்றால் போதாது: ஐசியூவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நோயாளி பெயர், கைப்பட்டை, ஒவ்வாமை பார்ப்பதெல்லாம் படிக்கும்போதே மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன். நாங்கள் வந்த காலத்தில் தடுக்கிய அதே இடங்களில்தான் இன்று வரும் சிஸ்டர்களும் தடுக்குகிறார்கள். எல்லாமே பேச்சில் விடுபடுபவை.

வேகத்தைச் சொல்லி, கலவையை விடுவது

இதற்கு இன்றும் எனக்குக் கோபம் வரும். டூட்டி மாறும்போது, “மூணாம் பெட், நார் அஞ்சுல ஓடுது” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது. நார் என்பது பிபியை ஏற்றும் நார்அட்ரினலின். மணிக்கு 5 மில்லி, சரி. எந்தக் கலவையில்? 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் இருந்தால் நிமிடத்துக்கு 6.7 மைக்ரோகிராம் போகும். திரவத்தைக் குறைக்க வேண்டியவருக்கு 8 மில்லிகிராம் கலந்திருந்தால், அதே அஞ்சில் 13.3.

ஒரு நைட் டூட்டியில், டபுள் ஸ்ட்ரெங்த் (8 மில்லிகிராம்) ஓடிய சிரிஞ்ச் தீர்ந்தது. புதிய சிஸ்டர் வழக்கம்போல் சிங்கிள் (4 மில்லிகிராம்) கலந்து, அதே வேகத்தில் விட்டார். பிபி சரிந்தது. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) முற்றுகிறது என்று நினைத்து ஃப்ளூயிட் ஏற்றினார்கள், பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான வாசோப்ரெசினும் தொடங்கினார்கள். பழைய சிரிஞ்சின் லேபிளில் ‘நார்’ என்று மட்டும் இருந்தது. நோயாளி பிழைத்தார், ஆனால் நுரையீரலில் நீர் கோத்து, வென்டிலேட்டரை எடுக்கத் தாமதமானது.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஹேண்டோவர் தராதீர்கள். இருவரும் பெட் பக்கத்தில் நின்று, பம்பிலிருந்து நோயாளி வரை குழாயை விரலால் தொட்டுப் பாருங்கள். மருந்து, மொத்த மில்லிகிராம், மொத்த மில்லி, வேகம், நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று பொறுப்பேற்பவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். டாக்டர்களே, “நாரைக் கொஞ்சம் ஏத்துங்க” என்பது உத்தரவு ஆகாது. எவ்வளவு, மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 65-க்கா 75-க்கா என்று சொல்லுங்கள்.

போனில் உத்தரவு

எழுதி, படித்துக்காட்டி, “ஆமாம்” வந்த பிறகே மருந்தைத் தொடுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ போனில் ஒன்றுபோலக் கேட்கும். ‘ஒன் ஃபைவ்’ என்று பிரித்துக் கேளுங்கள். டோபமின், டோபுடமின் என்ற இரு வேறு மருந்துகளும் அப்படித்தான்.

இன்சுலின்

யூனிட்டில் மட்டும் பேசுங்கள். குப்பி மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று பார்த்து, அதற்குரிய சிரிஞ்சை எடுங்கள்.

“கேசிஎல் ஒண்ணு போடு”

கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடை, நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். எதில் கலந்து, எத்தனை மணி நேரத்தில் என்று பதில் வரும்வரை ஆம்பியூலை உடைக்காதீர்கள்.