240இசட்டில் எல்28 எஞ்சின்: பழையதை அவசரப்பட்டு விற்காதீர்கள்

"ரெண்டும் ஒரே குடும்பம், அப்படியே உட்கார்ந்துவிடும்" என்றுதான் எனக்குச் சொன்னார்கள். டட்சன் 240இசட் என்ற பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் எல்24 எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின்னால் வந்த 280இசட்டின் எல்28-ஐப் போடுவதைப் பற்றிய பேச்சு அது. பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடம்பை, பொறுத்தவரை உண்மைதான். 2393 சிசி 2753 ஆகிறது. போர் (சிலிண்டர் விட்டம்) 83 மி.மீ.யிலிருந்து 86, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 73.7-லிருந்து 79. ஆனால் பிளாக்கின் உயரம் மாறவில்லை. மவுண்ட் துளைகளும் கியர்பாக்ஸ் துளைகளும் அப்படியே பொருந்தும். என்னை இரண்டு மாதம் அலைக்கழித்ததெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்கள்தான். அதனால் புது எஞ்சினில் வண்டி ஓடும்வரை, பழையதிலிருந்து ஒரு போல்ட்கூட வெளியே போகக் கூடாது.

வாங்கும்போது விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு எஞ்சினைப் படியுங்கள். பிளாக்கில் எல்28 என்று குத்தியிருக்கும். பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டின் எண் முதல் ஸ்பார்க் பிளக் பக்கத்தில் வார்ப்பிலேயே இருக்கும். என்42 ஹெட் என்றால் எக்ஸாஸ்ட் வாய் சதுரம், உங்கள் பழைய மேனிஃபோல்டு சேரும். என்47, பி79 இரண்டுக்கும் வட்ட வாய். என்42-வின் இன்டேக் வாயின் மேல் விளிம்பில் இன்ஜெக்டருக்காக வெட்டிய சின்னப் பள்ளம் உண்டு. கார்புரேட்டர் மேனிஃபோல்டின் கேஸ்கெட் அதை முழுதாக மூடுகிறதா என்று வைத்துப் பாருங்கள். மூடாவிட்டால் காற்று இழுக்கும், ஐடிலிங் நிற்காது.

எல்24-இன் பழைய இ31 ஹெட்டை எல்28 மேல் வைக்கலாமா என்று ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. தட்டை பிஸ்டன் கொண்ட எஃப்54 என்ற எல்28 பிளாக்கில் அதை வைத்தால் கம்ப்ரஷன் 10-ஐத் தாண்டிவிடும், சாதாரணப் பெட்ரோலில் எஞ்சின் தட்டும் (நாக்கிங்). போதாக்குறைக்கு இ31-இன் இன்டேக் வால்வு 42 மி.மீ., எல்28-இல் வருவது 44. கூட வந்த ஹெட்டே இருக்கட்டும்.

பானெட்டைக் கழற்றி, கியர்பாக்ஸோடு சேர்த்தே, முன்பக்கத்தை நன்றாகத் தூக்கிச் சாய்த்து வெளியே எடுப்பதுதான் சுலபம். இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். மவுண்ட் பிராக்கெட்டுகள் பழையதிலிருந்து வரட்டும். 280இசட்டுக்கு அடுத்து வந்த 280இசட்எக்ஸின் எஞ்சின் என்றால் சம்ப்பும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் குழாயும்கூட, ஜோடியாக. ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தது என்றால் கிராங்க் முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் வளையம்) இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அப்புறம் பெட்ரோல் பம்ப். 240இசட்டில் அதை ஓட்டுவது கேம் ஷாஃப்ட் முனையிலுள்ள ஒரு சின்ன எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகிய வட்டு. இன்ஜெக்ஷன் எஞ்சினில் அது இருக்காது, பழையதிலிருந்து மாற்ற வேண்டும். அதற்குக் கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, செயினின் இரு கைகளுக்கும் நடுவே மரத்தில் சீவிய ஓர் ஆப்பை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கீழே செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் துள்ளி வெளியே வந்துவிடும், முன் கவரையே கழற்ற வேண்டியதாகிவிடும். இன்ஜெக்ஷன் பம்பை எஸ்யூ கார்புரேட்டருக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தள்ளுவது 36 பிஎஸ்ஐ அளவில். கார்புரேட்டர் தாங்குவது மூன்று, நான்கு.

நான் வசமாக மாட்டியது கிளட்சில். எஞ்சினோடு வந்த பிரஷர் பிளேட் புதுசு போலிருந்தது, போட்டுவிட்டேன். பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைத் தாங்கும் காலர் மட்டும் என் பழையது. எல்லாம் பூட்டி, ஆயில், தண்ணீர் ஊற்றி, பெடலைத் தரைவரை மிதித்தால் கியர் கரகரவென்று கத்துகிறது. கிளட்ச் விடவே இல்லை. மறுபடியும் எல்லாம் வெளியே. காலர் சேர வேண்டியது கியர்பாக்ஸுக்கு அல்ல, பிரஷர் பிளேட்டுக்கு. 225 மி.மீ. கிளட்சுக்கு ஓர் உயரம், 240-க்கு வேறு உயரம். பூட்டுவதற்கு முன், பழைய செட்டை ஃப்ளைவீலில் பூட்டி, காலரை மேலே வைத்து, ஃபோர்க் தொடும் இடம்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது செட்டும் அதே அளவு வர வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஆயில் பம்பைக் கழற்றியிருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சியில் இருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் துளையில் தெரியும் பம்ப் தண்டின் நாக்கு கடிகாரத்தில் 11:25 காட்டும் நிலையில், நாக்கின் இருபுறமும் தெரியும் அரைவட்டங்களில் சின்னது முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4, இடஞ்சுழி. இசட்எக்ஸின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல சாமான்தான், ஆனால் 240இசட்டின் டாக்கோமீட்டர் இக்னிஷன் மின்சாரம் தன் வழியாகப் போவதை வைத்துத்தான் சுற்றை அளக்கிறது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரை எடுக்கும்போது அந்த வழியையும் துண்டித்தால் முள் படுத்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜ் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஓடிய பிறகு பிளக்கைப் பாருங்கள். 15 சதவீதம் பெரிய எஞ்சினுக்குப் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் பழைய நீடில் காணாது. எனக்கு ஆறு பிளக்கும் வெள்ளை வெளேரென்று இருந்தன, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ரிச்சான நீடில் போட்டதும் சரியாகிவிட்டது.

எல்24 இன்னும் பட்டறை மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. போன வாரம்கூட அதிலிருந்து ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைக் கழற்றினேன்.